உள்ளூர் மின் நெகிழ்வுச் சந்தையில் சேர்வது எப்படி: முதலில் இடம், அப்புறம் மீட்டர், கடைசியில்தான் பேட்டரி

ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிளோ டிரான்ஸ்பார்மரோ தினமும் மாலை இரண்டு மணி நேரம் மட்டும் தாங்க முடியாமல் திணறுகிறது. அதைப் பெரிதாக மாற்றிப் போடப் பல வருடங்கள் ஆகும். அதுவரை அந்த இரண்டு மணி நேரத்தில் லோடைக் குறைத்துத் தருபவருக்கு, அந்தக் கேபிளையும் டிரான்ஸ்பார்மரையும் பராமரிக்கும் விநியோக நிறுவனம் பணம் தருகிறது. இந்தக் குறைப்பை வாங்கி விற்கும் இடம்தான் உள்ளூர் நெகிழ்வுச் சந்தை. குளிர்பதனக் கிடங்கு, அலுவலகக் கட்டடம், மின் வாகன சார்ஜர், வாட்டர் ஹீட்டர், பேட்டரி என நேரத்தை நகர்த்தக்கூடிய லோடு எது இருந்தாலும் விற்க முயலலாம்.

சேர முயன்று பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோரிடம் நல்ல கருவிகள் இருந்தன. வரிசைதான் தவறிவிட்டது. பேட்டரியை வாங்கி மாட்டிய பிறகு, தங்கள் ஃபீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து தங்கள் பகுதிக்கு வரும் மின்பாதையில்) நெரிசலே, அதாவது அந்தத் திணறலே, இல்லை என்று தெரியவரும். ஒப்பந்தம் போட்ட பிறகு, மீட்டர் மாதத்துக்கு ஒரு எண்தான் தருகிறது என்று தெரியவரும். கீழே உள்ள படிகளைச் செலவில்லாதவை முன்னாலும் செலவுள்ளவை பின்னாலும் வருமாறு அடுக்கியிருக்கிறேன். ஒரு படியில் 'இல்லை' என்று பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மின் இணைப்பு எண். பிரிட்டனில் இது 13 இலக்கம், நெதர்லாந்தில் 18 இலக்கம். ரசீதில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் எண் மின்சாரம் விற்கும் நிறுவனம் தருவது, நிறுவனம் மாறினால் அதுவும் மாறிவிடும். இணைப்பு எண் இடத்தோடு ஒட்டியது. நெரிசல் என்பது இடத்தின் பிரச்சினை என்பதால் சந்தை கேட்பது இணைப்பு எண்ணைத்தான்.

அப்புறம் கடந்த 12 மாத ரசீதுகள், விநியோக நிறுவனத்தோடு போட்ட இணைப்பு ஒப்பந்தம், கட்டடத்தில் உள்ள பெரிய கருவிகளின் பட்டியல். கட்டடம் வாடகைக்கு என்றால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் இப்போதே பாருங்கள். கையெழுத்துப் போட உரிமை இல்லாதவர் எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் கடைசியில் உரிமையாளருக்காகக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. உங்கள் இடம் நெரிசல் பகுதிக்குள் வருகிறதா?

மின் கட்டமைப்பு முழுவதற்கும் சமநிலை தரும் சேவைகள் வேறு, இது வேறு. மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சரிசெய்ய நாட்டின் எந்த மூலையில் லோடைக் குறைத்தாலும் பயன் ஒன்றுதான். நெரிசலுக்கு அப்படியில்லை. திணறும் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நீங்கள் இருக்க வேண்டும். அடுத்த துணை மின்நிலையத்தின் கீழ் இருக்கும் ஒரு மெகாவாட்டால் இந்த டிரான்ஸ்பார்மருக்குப் பலன் எதுவும் இல்லை.

பிரிட்டனில் பிக்லோ போன்ற தளங்களில் விநியோக நிறுவனங்கள் தங்களுக்கு எங்கே, எப்போது, எத்தனை கிலோவாட் தேவை என்று வெளியிடுகின்றன. நெதர்லாந்தில் மின் கடத்தல் நிறுவனமான டென்னெட்டும் விநியோக நிறுவனங்களும் சேர்ந்து கோபாக்ஸ் என்ற ஏற்பாட்டை நடத்துகின்றன. அங்கே விலைக்கோரிக்கையோடு இடக் குறிப்பும் சேர்ந்து போகும். உங்கள் பகுதியில் எந்தத் தளம் என்பதை விநியோக நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே தேடலாம். மின்சாரம் விற்கும் நிறுவனத்தைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள், அது அவர்கள் வேலையும் அல்ல.

வழக்கமான தவறு: வரைபடத்தில் தங்கள் தெரு நிறம் பூசியிருப்பதைப் பார்த்ததுமே சரி என்று முடிவுகட்டுவது. ஒரே தெருவின் இரண்டு பக்கங்களும் வெவ்வேறு ஃபீடரில் இருக்கலாம். இணைப்பு எண்ணைக் கொடுத்து, எந்தத் துணை மின்நிலையம், எந்த ஃபீடர் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

2. எந்தத் திசை, எந்த மணி?

நெரிசல் என்றாலே லோடைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பது புதியவர்களின் பழக்கம். சூரிய மின்தகடுகள் நிறைந்த பகுதியில் நண்பகலில் மின்சாரம் எதிர்த்திசையில், கீழிருந்து மேலே, டிரான்ஸ்பார்மரை நிரப்புகிறது. அங்கே தேவைப்படுவது உற்பத்தியைக் குறைப்பது, அல்லது அந்த நேரத்தில் அதிகமாக மின்சாரம் எடுப்பது. மாலை நெரிசல் பகுதியில் சார்ஜரை நிறுத்தினால் பணம். நண்பகல் நெரிசல் பகுதியில் அதே சார்ஜரை ஓட்டினால் பணம்.

அறிவிப்பில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: திசை, மாதங்கள், வார நாட்கள், மணி. இவை நான்கும் உங்கள் லோடோடு பொருந்த வேண்டும். மாலை 5 முதல் 8 வரை தேவை என்றால், மதியம் 3 மணிக்கே மூடிவிடும் பட்டறைக்கு விற்க ஒன்றும் இல்லை, அதன் இயந்திரங்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும்.

3. ஏற்கெனவே கொடுத்துவிட்டதைத் திரும்ப விற்க முடியாது

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. இணைப்பு ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள். 'தேவைப்பட்டால் உங்கள் லோடை விநியோக நிறுவனம் குறைக்கலாம்' என்ற நிபந்தனையோடு விரைவாகவோ மலிவாகவோ இணைப்பு வாங்கியிருந்தால், அந்தக் குறைப்புக்கான விலையை நீங்கள் ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள்.

ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது. எரிசக்திச் சட்டத்தின் 14ஏ பிரிவின்படி, 2024 ஜனவரி 1 முதல் மாட்டிய, 4.2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பப் பம்புகள், வீட்டு மின் வாகன சார்ஜர்கள், பேட்டரிகள் போன்றவற்றை நெரிசலின்போது விநியோக நிறுவனம் தற்காலிகமாக 4.2 கிலோவாட் வரை இறக்கலாம். பதிலுக்கு வாடிக்கையாளருக்குக் கட்டமைப்புக் கட்டணத்தில் சலுகை. இது கட்டாயக் கடமை, சந்தை அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

வேறு எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். அதிர்வெண் சேவைக்கு ஒப்புக்கொண்ட அதே பேட்டரியை அதே மணியில் நெரிசலுக்கும் ஒப்புக்கொடுத்தால், இரண்டு அழைப்பும் ('இப்போது செய்யுங்கள்' என்ற கட்டளையும்) ஒன்றாக வரும் நாளில் ஒன்றில் தோற்றே ஆக வேண்டும். அதைவிட மோசம், ஒன்று 'ஏற்று' என்றும் மற்றொன்று 'இறக்கு' என்றும் சொல்வது.

4. மீட்டர் தரவை வாங்கி, நம்பும் முன் சரிபாருங்கள்

15 நிமிடத்துக்கோ 30 நிமிடத்துக்கோ ஒரு முறை பதிவாகும் தரவு வேண்டும். மாத மொத்தத்தை வைத்து மாலை 6 மணிக்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. ஸ்மார்ட் மீட்டர் மாட்டியிருந்தாலும் இந்தப் பதிவு இயக்கப்பட்டிருக்கிறதா, அதைப் பகிர நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019இன் மின்சார உத்தரவு (எண் 2019/944), கட்டணக் காலம் ஒன்றுக்கு ஒரு முறையாவது, கேட்டால் இலவசமாக, தங்கள் தேவைக் குறைப்புத் தரவைப் பெறும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது.

தரவு வந்ததும் மூன்று இடங்களில் சந்தேகப்படுங்கள்.

நேரம்: 18:00 என்ற குறி 6 மணிக்குத் தொடங்கிய அரை மணி நேரமா, 6 மணிக்கு முடிந்ததா? உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா? கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இந்தக் குழப்பம் ஒரு மணி நேரத்தையே தள்ளிவிடும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு நாள் பெரிய கருவி ஒன்றைத் தெரிந்த நேரத்தில் நிறுத்துங்கள், தரவில் எந்தக் கட்டத்தில் சரிவு தெரிகிறது என்று பாருங்கள்.

பெருக்கல் எண்: பெரிய இணைப்புகளில் மீட்டர் நேரடியாக அளப்பதில்லை. மின்னோட்ட மாற்றியின் வழியே அளந்து ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அந்த எண் தவறாகப் பதிவாகியிருந்தால் எல்லாமே பாதியாகவோ இரட்டிப்பாகவோ தெரியும். ரசீதின் மொத்த யூனிட்டோடு தரவின் மொத்தத்தை ஒப்பிட்டால் உடனே பிடிபடும்.

அலகு: அரை மணி நேரத்தில் 20 யூனிட் என்றால் சராசரி 40 கிலோவாட், 20 அல்ல. இந்தத் தவறை அனுபவசாலிகளும் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், பாதிக் கொள்ளளவைப் பதிவு செய்துவிட்டு ஒரு சுற்று முழுவதும் அதோடு ஓட்டினேன்.

5. எது நகரும் என்று நடந்தே பாருங்கள்

மேசையில் உட்கார்ந்து பட்டியல் போடாதீர்கள். நெரிசல் மணியில் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். ஏனென்றால் கருவியின் தகட்டில் எழுதியிருப்பது அது எடுக்கக்கூடிய அதிகபட்சம். உங்களுக்கு வேண்டியது அந்த மணியில் அது உண்மையில் எடுப்பது. 7 கிலோவாட் சார்ஜர்கள் பத்து என்றால் காகிதத்தில் 70 கிலோவாட். மாலை 6 மணிக்கு மூன்று வண்டிகள்தான் நிற்கின்றன, அதில் ஒன்று நிரம்பிவிட்டது என்றால் கையில் இருப்பது 14. ஓடாததை நிறுத்திப் பணம் வாங்க முடியாது.

ஒவ்வொரு கருவிக்கும் மூன்று கேள்விகள்: எவ்வளவு நேரம் நிறுத்தலாம், நிறுத்த எவ்வளவு முன்னறிவிப்பு வேண்டும், திரும்ப ஓடும்போது எவ்வளவு கூடுதலாக எடுக்கும். நன்றாக வெப்பக்காப்பு செய்த குளிர்கிடங்கு ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கலாம். ஆனால் கதவு அடிக்கடி திறக்கும் நேரத்தில் அதே கிடங்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஊகிக்க வேண்டாம். சாதாரண நாள் ஒன்றில் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் கருவி, தீத்தடுப்பு, லிஃப்ட், பாதுகாப்பு விளக்கு ஆகியவற்றைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. டீசல் ஜெனரேட்டரை ஓட்டி லோடைக் குறைப்பதுபோலக் காட்டும் யோசனையும் கட்டாயம் யாராவது சொல்வார்கள். பல சந்தைகள் புகை வெளியேற்ற விதியைக் காட்டி அதை ஏற்பதில்லை. உங்கள் அனுமதிப் பத்திரமும் அவசரகாலப் பயன்பாட்டுக்கு மட்டுமே இருக்கலாம்.

6. பேஸ்லைனைப் புரிந்துகொள்ளுங்கள், பணம் இங்கேதான் இருக்கிறது

மீட்டர் காட்டுவது நீங்கள் எடுத்த மின்சாரத்தை. எடுக்காமல் விட்டதை எந்த மீட்டரும் காட்டாது. அதனால் 'அழைப்பு வராமல் இருந்திருந்தால் எவ்வளவு எடுத்திருப்பார்' என்று ஒரு கோடு போட்டு, அதிலிருந்து உண்மையில் எடுத்ததைக் கழிக்கிறார்கள். அந்தக் கோடுதான் பேஸ்லைன். எல்லாப் படிகளையும் வேகமாகக் கடந்தாலும் இதில் நின்று நிதானித்துப் பாருங்கள்.

பரவலாக உள்ள ஒரு முறை: கடந்த 10 வேலை நாட்களில் அதே மணியின் அளவுகளை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் தள்ளி, மீதி 8இன் சராசரி. ஓர் உதாரணம். மாலை 6 முதல் 7 வரை பத்து நாட்களின் அளவு, கிலோவாட்டில்: 42, 45, 44, 47, 43, 46, 61, 44, 12, 45. 61ஐயும் 12ஐயும் தள்ளினால் மீதியின் கூட்டல் 356, சராசரி 44.5. அழைப்பு வந்த நாளில் 30 எடுத்தீர்கள். குறைத்தது 14.5. நீங்கள் 20 தருவதாகச் சொல்லியிருந்தால் நிறைவேற்றியது 72.5 சதவீதம்.

'ஆனால் அன்றைக்கு வெயில், ஏசி அதிகம் ஓடியது, நான் உண்மையில் 20க்குக் கிட்டத்தட்டக் குறைத்தேன்' என்பீர்கள். அதற்காகத்தான் அன்றைய நாள் திருத்தம் இருக்கிறது. அழைப்புக்குச் சற்று முந்தைய மணிகளில் வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதலாக எடுத்தீர்களோ அதைப் பேஸ்லைனோடு சேர்ப்பார்கள். மதியம் 3 முதல் 5 வரை வழக்கமாக 40, அன்று 44 என்றால் 4 கூடும். பேஸ்லைன் 48.5. குறைத்தது 18.5. இப்போது 92.5 சதவீதம்.

இந்தத் திருத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்வம் மிகுந்த ஒருவர் 'முன்கூட்டியே தொடங்கிவிடுவோம்' என்று 4 மணிக்கே நிறுத்திவிடுகிறார். 3 முதல் 4 வரை 44, 4 முதல் 5 வரை 28, சராசரி 36. வழக்கத்தைவிட 4 குறைவு. பேஸ்லைன் 40.5க்கு இறங்குகிறது. குறைத்ததாகக் கணக்காவது 10.5தான், 52.5 சதவீதம். அதிகம் உழைத்தவர் குறைவாக வாங்குகிறார். ஆகவே திருத்தம் கணக்கிடப்படும் மணிகள் எவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் எதையும் தொடாமல் வழக்கம்போல் ஓட்டுங்கள்.

இதையே மறுபக்கமாக யோசித்து, அந்த மணிகளில் வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஓட்டி பேஸ்லைனை உயர்த்தலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். நெரிசல் உள்ள ஃபீடரில் நெரிசலைக் கூட்டிவிட்டு அதைத் தீர்க்கக் காசு கேட்பது இது. அழைப்பு நாட்களில் மட்டும் முன் மணி எகிறும் வடிவம் தரவில் பளிச்சென்று தெரியும், ஒப்பந்தம் முறிந்துவிடும்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பழைய அழைப்பு நாட்களை அந்தப் பத்தில் சேர்க்கிறார்களா? சேர்த்தால் உங்கள் நல்ல வேலையே அடுத்த முறை உங்கள் கோட்டைத் தாழ்த்தும். கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் என்ன செய்வார்கள்? மேகம் வந்த நாளும் வராத நாளும் சேர்ந்த சராசரிக்கு அர்த்தம் குறைவு. அப்படிப்பட்ட இடங்களில் முதன்மை மீட்டரை விட்டுவிட்டுக் கருவியிலேயே தனி மீட்டர் வைத்து அளப்பது நல்லது, சந்தை அதை ஏற்குமானால்.

வீட்டில் உட்கார்ந்து உங்கள் தரவில் இந்தக் கணக்கைப் பல நாட்களுக்குப் போட்டுப் பாருங்கள். எந்த அழைப்பும் வராத நாட்களிலேயே பேஸ்லைனுக்கும் உண்மைக்கும் 10 கிலோவாட் வித்தியாசம் வருகிறது என்றால், 10 கிலோவாட் குறைப்பை விற்பது சூதாட்டம்.

7. நேரடியாகவா, அக்ரிகேட்டர் வழியாகவா?

சின்னச் சின்ன லோடுகளைச் சேர்த்து ஒன்றாக விற்பவரைத் தொழிலில் அக்ரிகேட்டர் என்கிறார்கள். ஒரு வீடு, ஒரு சார்ஜர், ஒரு சிறு கடை என்றால் இவர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். சந்தைகள் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன, தரவு இணைப்பும் காப்பீடும் தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது.

அவர் எடுத்துக்கொள்ளும் பங்குக்குப் பதிலாக முக்கியமான ஒன்றைத் தருகிறார்: உங்கள் ஒருவருடைய சறுக்கலை மற்றவர்களின் மிகுதியால் மூடிவிடுவார். 100 கிலோவாட் விற்றுவிட்டு 130க்கு ஏற்பாடு வைத்திருப்பது அவர்கள் வழக்கம். தனியாகப் போனால் அந்த உபரியை நீங்களே வைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அதே உத்தரவு, மின்சாரம் விற்கும் நிறுவனத்தின் சம்மதம் கேட்காமலே வாடிக்கையாளர் வேறு ஒரு அக்ரிகேட்டரோடு ஒப்பந்தம் போடலாம் என்கிறது. ஆனாலும் உங்கள் மின்சார ஒப்பந்தத்தை ஒரு தடவை பாருங்கள். உங்களுக்காக முன்கூட்டி வாங்கி வைத்த மின்சாரத்தை நீங்கள் எடுக்காமல் விட்டால் அந்த நிறுவனத்தின் கணக்கு இடிக்கும். அதை யார் ஈடுகட்டுவது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அக்ரிகேட்டரைக் கேளுங்கள், பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

8. ஒப்பந்தத்தில் எங்கே விரல் வைத்துப் படிக்க வேண்டும்

பணம் இரண்டு வகை. தயாராக இருப்பதற்கு ஒன்று, அழைத்து உண்மையில் குறைத்ததற்கு மற்றொன்று. இரண்டாவது மட்டும் தரும் ஒப்பந்தத்தில் வருடம் முழுவதும் அழைப்பே வராமலும் போகலாம். அழைப்பு வானிலையைப் பொறுத்தது. எனவே அழைப்புப் பணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அழைப்புக்கு எவ்வளவு முன்னறிவிப்பு, ஒரு முறை எவ்வளவு நேரம், ஒரு வாரத்தில் அதிகபட்சம் எத்தனை முறை, அடுத்தடுத்த நாட்களில் அழைக்கலாமா என்பவை அடுத்தவை. ஒரு நாள் தாங்கும் குளிர்கிடங்கு தொடர்ந்து நான்காவது நாளில் திணறும்.

குறைவாகத் தந்தால் என்ன ஆகும் என்ற பத்தியை மூன்று முறை படியுங்கள். சில ஒப்பந்தங்களில் பணம் விகிதப்படி குறையும். சிலவற்றில் ஒரு வரம்புக்குக் கீழே போனதும் வேகமாகச் சரியும், அல்லது பூஜ்ஜியமாகும். மேலே போட்ட உதாரணத்தில் 72.5க்கும் 92.5க்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உறைக்கும்.

கடைசியாக, மறுக்கும் உரிமை. 'இன்று முடியாது' என்று எவ்வளவு நேரத்துக்கு முன் சொன்னால் அபராதமில்லை? வீட்டு வாடிக்கையாளருக்கு இதுவே எல்லாவற்றையும் விட முக்கியம். விருந்தாளி வந்த மாலையில் வெந்நீர் இல்லாமல் போன வீடு அடுத்த மாதம் திட்டத்தில் இருக்காது.

9. கட்டளை எப்படி வரும் என்பதைச் சோதியுங்கள்

முந்தைய நாளே வரும் அறிவிப்புக்கு ஒரு மின்னஞ்சலும் ஒரு ஆளும் போதும். பதினைந்து நிமிட அறிவிப்பு என்றால் தானியங்கி இணைப்பு வேண்டும். சார்ஜர்களுக்கு ஓசிபிபி, கட்டடங்களுக்கு ஓபன்ஏடிஆர் போன்ற பொது நெறிமுறைகளில் பேசும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிறுவனத்தின் செயலியோடு மட்டும் பேசும் கருவி உங்களை அந்த நிறுவனத்தோடு கட்டிப்போட்டுவிடும்.

சோதனையை நிஜ மணியில் செய்யுங்கள். காலை 10 மணிக்குச் செய்த சோதனை மாலை 6 மணியைப் பற்றி எதுவும் சொல்லாது. இணைய இணைப்பைப் பாதியில் பிடுங்கியும் பாருங்கள். தொடர்பு அறுந்தால் கருவி குறைந்த நிலையிலேயே மாட்டிக்கொள்கிறதா, குறித்த நேரத்தில் தானாக வழக்கத்துக்குத் திரும்புகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

10. விலை சொல்வது

உங்கள் உண்மைச் செலவை முதலில் கூட்டுங்கள். பேட்டரி என்றால் ஏற்றி இறக்குவதில் போகும் இழப்பு, தேய்மானம். தொழிற்கூடம் என்றால் தள்ளிப்போன வேலைக்கு மிகை நேரச் சம்பளம். யாராவது அருகில் இருந்து கவனிக்க வேண்டுமென்றால் அந்த ஆளின் நேரம். இந்தத் தொகைக்குக் கீழே சொல்லாதீர்கள்.

தேர்வானவர் எல்லோருக்கும் ஒரே முடிவு விலை என்ற ஏலத்தில் உண்மைச் செலவைச் சொல்வதே நல்லது. அவரவர் கேட்ட விலையைத் தரும் ஏலத்தில் கொஞ்சம் இலாபம் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த வகை என்று விதிமுறையில் இருக்கும்.

அளவைப் பற்றி ஒரு சொல்: 20 முடியும் என்று தோன்றினால் முதல் பருவத்தில் 14 சொல்லுங்கள். சொன்னதைத் தருபவர் என்ற பெயர் வந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

11. அழைப்பு நாள்

பேஸ்லைன் திருத்த மணிகளில் எதையும் தொடாதீர்கள் என்று சொன்னேன். அந்த மணிகளுக்கும் தொடக்கத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தால், கிடங்கைச் சற்றுக் கூடுதலாகக் குளிரவைப்பது, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது போன்ற தயாரிப்பை ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்குச் செய்துகொள்ளலாம். 6 மணிக்குத் தொடக்கம் என்றால் 6:00க்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கத் தொடங்குவதல்ல. பெரிய கம்ப்ரசர் படிப்படியாக நிற்க ஐந்து நிமிடம் எடுத்தால் 5:55க்குத் தொடங்குங்கள்.

திரும்ப ஓட்டும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. 7 மணி அடித்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால், நின்றிருந்த ஃப்ரீசர், ஹீட்டர், சார்ஜர் எல்லாம் ஒன்றாக இழுக்கும். நெரிசல் இன்னும் தீராத டிரான்ஸ்பார்மருக்கு அது புது நெரிசல். உங்களுக்கும் நஷ்டம்: பல கட்டணத் திட்டங்களில் மாதத்தின் மிக உயர்ந்த அரை மணி நேர அளவுக்கு உச்ச லோடு கட்டணம் உண்டு. வழக்கமான உச்சம் 55 என்று இருந்த இடத்தில் அன்று 7 மணிக்கு 68 தொட்டால், அந்த ஒரு அரை மணி நேரம் சம்பாதித்ததை எல்லாம் விழுங்கிவிடும். பத்துப் பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். அவசரமில்லாத சார்ஜரைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

12. பணம் வந்ததும் கணக்கைப் பாருங்கள்

அறிக்கையில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: பேஸ்லைன், எடுத்த அளவு, வித்தியாசம். தொகை மட்டும் வந்தால் மற்றவற்றைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தரவில் நீங்களே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் நேரக் குறி ஒரு கட்டம் தள்ளியிருப்பது, அல்லது விடுமுறை நாள் ஒன்று பத்து நாட்களுக்குள் புகுந்திருப்பது. ஆட்சேபிக்கக் காலக்கெடு உண்டு, அது குறுகியதாகவே இருக்கும். எனவே அழைப்பு நாளன்றே தரவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

13. இப்போது பேட்டரியைப் பற்றிப் பேசலாம்

ஒரு பருவம் முடிந்தால் கையில் உண்மையான எண்கள் இருக்கும்: எத்தனை முறை அழைத்தார்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எந்த நாளில் உங்கள் லோடு போதாமல் போயிற்று. புதிய கருவி வாங்குவதை இந்த எண்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

வாங்கும் முன் விநியோக நிறுவனத்தின் விரிவாக்கத் திட்டத்தில் உங்கள் துணை மின்நிலையம் எந்த வருடத்தில் வருகிறது என்று பாருங்கள். பெரிய டிரான்ஸ்பார்மரை மாட்டிய அன்றே அந்தப் பகுதியில் நெகிழ்வுக்கான தேவை முடிந்துவிடலாம். பேட்டரி பத்து வருடம் ஓடும், டிரான்ஸ்பார்மர் மூன்றாவது வருடத்தில் வருகிறது என்றால், மீதி ஏழு வருடத்துக்கு அந்த பேட்டரி வேறு எதில் சம்பாதிக்கும் என்ற பதிலை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் விலை விசாரியுங்கள்.